தவறு செய்யவிருந்தவர்

அந்த மருத்துவமனையில் ஏழு வருடங்களாக மருந்து கொடுப்பதில் ஒரு தவறுகூட நடக்கவில்லை. நுழைவாயிலில் இருந்த பலகை அப்படித்தான் சொன்னது. அதில் நாள் கணக்கை மாற்றுவதற்கென்றே ஓர் ஊழியர் இருந்தார். தினமும் காலை எட்டு மணிக்கு ஏணியில் ஏறி எண்ணை மாற்றிவிட்டு, இறங்கி, நாலடி தள்ளி நின்று, கோணலாக இருக்கிறதா என்று பார்ப்பார். இரண்டாயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டாவது நாள், அவர் ஏணியில் நின்றுகொண்டிருந்த அதே நேரத்தில், இரண்டாம் மாடி ஆண்கள் வார்டில் ஒருவர் சாகாமல் தப்பித்தார்.

தப்பித்தவர் அச்சகத்தில் முப்பது வருடம் பிழை திருத்துபவராக வேலை பார்த்தவர். கால் புண் ஆறாமல் பதினொரு நாளாகப் படுத்திருந்தார். அவர் கையில் செருகியிருந்த ஊசிக்குழாய் அடைத்துக்கொள்ளாமல் இருக்கக் காலையும் மாலையும் கொஞ்சம் சலைன் செலுத்த வேண்டும். செலுத்த வந்தவள் உதவி நர்ஸ், பதினாறு வருட சர்வீஸ். அலமாரியிலிருந்து எடுக்கும்போது, ஊசியில் ஏற்றும்போது, நோயாளியின் பக்கத்தில் நிற்கும்போது என்று மருந்தின் லேபிளை மூன்று தடவை படிக்க வேண்டும் என்பது நர்சிங் படிப்பின் முதல் வாரத்தில் சொல்லித்தருவது. மற்றவர்கள் அதைத் தேர்வில் எழுதி மார்க் வாங்கிக்கொண்டு மறந்துவிட்டார்கள். இவள் மறக்கவில்லை. அதனால் வார்டில் இவளுக்கு ‘மூணுதடவை’ என்று பெயர்.

அன்றைக்கு மூன்றாவது தடவையில்தான் கை நின்றது. முதல் இரண்டு தடவையும் கண், தான் எதிர்பார்த்ததையே படித்திருந்தது. மூன்றாவது தடவை அந்தச் சின்னக் கண்ணாடிக் குப்பியை ஜன்னல் பக்கம் திருப்பினாள். எழுத்து எறும்பு சைஸ். சலைன் இல்லை, பொட்டாசியம். நிறைய திரவத்தில் கலந்து மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டிய மருந்து. அதை அப்படியே நேராக நரம்பில் தள்ளினால் இதயம் நின்றுவிடும். சலைன் குப்பியும் இதுவும் ஒரே உயரம், ஒரே நீலக் கழுத்து, அலமாரியின் ஒரே தட்டில் தோளோடு தோளாக நின்றன.

ஊசியைக் கீழே வைத்தாள். கட்டில் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“என்னம்மா, உடம்பு சரியில்லையா?” என்று கேட்டார் பிழை திருத்துபவர்.

“எனக்கு ஒண்ணுமில்லங்க. உங்களுக்குத்தான் ஏதாவது ஆகியிருக்கும்” என்றாள். பொய் சொல்லத் தெரியாது அவளுக்கு.

வார்டு சிஸ்டரிடம் போய்ச் சொன்னாள். “யாருக்கும் ஒண்ணும் ஆகலல்ல? அந்த ஊசியத் தூக்கிப் போட்டுட்டு வேலையப் பாரு” என்றார் சிஸ்டர்.

“நாளைக்கு வேற ஒருத்தி அந்தத் தட்டுல கை வைப்பாளே, சிஸ்டர்?”

“அது அவ பாடு. சொன்னாக் கேளு. எழுதாத.”

எழுதினாள். மருந்துத் தவறுகளைத் தெரிவிப்பதற்கான நாலாம் படிவத்தில், தட்டைப் பிரித்து வைக்கவேண்டும், பொட்டாசியத்தை வார்டிலேயே வைக்கக்கூடாது என்று ஆலோசனையும் சேர்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அந்தப் படிவம் அச்சாகி வந்த பிறகு அதை நிரப்பிய முதல் ஆள் அவள்தான். மருந்துப் பாதுகாப்புக் குழு அலுவலகத்தில் அதைப் பெற்றுக்கொண்ட எழுத்தர், இதை எந்தக் கோப்பில் வைப்பது என்று தெரியாமல் அன்று முழுவதும் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் விசாரணை. குளிரூட்டிய அறை, நீள மேஜை, தட்டில் பிஸ்கட். குழுத் தலைவர் மருந்தியல் பேராசிரியர். ஒரு மாத்திரை வாயில் நுழைந்து வெளியேறும்வரை உடம்பில் என்னென்ன செய்கிறது என்று மூன்று மணி நேரம் தாளைப் பார்க்காமல் பேசுவார். நோயாளி என்று ஒருவரைத் தொட்டு இருபது வருடம் ஆகியிருந்தது. அவரைத் தவிர ஐந்து பேர் இருந்தார்கள். அவர் தலையாட்டினால் தலையாட்டினார்கள்.

“ஏழு வருஷமா இங்க ஒரு தப்பு நடக்கல. ஏன்னு தெரியுமா?” என்று தலைவர் ஆரம்பித்தார்.

“தெரியாதுங்க சார்.”

“ஒரு படிவம்கூட வரல. அதான் ஆதாரம். தப்பு நடந்திருந்தா எழுதியிருப்பாங்கல்ல? யாரும் எழுதல. அப்ப நடக்கல. இது விஞ்ஞானம்மா. இப்ப நீ ஒண்ணு எழுதிட்ட.”

“தப்பு நடக்கலைங்க சார். நடக்காம நிறுத்திட்டேன்னுதான் எழுதியிருக்கேன்.”

“அதான் பிரச்சினையே. தப்பு பண்ணிட்டு எழுதாம இருந்திருந்தா எங்களுக்கு ஒரு சிக்கலும் இல்ல. நீ தப்பே பண்ணாம எழுதியிருக்க. இதுக்கு எங்கள்ட்ட கட்டமே இல்ல.” பிஸ்கட்டைப் பாதியாக ஒடித்தார். “சரி. மூணாவது தடவை எதுக்குப் படிச்ச?”

“விதியில மூணு தடவைன்னு இருக்குங்க.”

“விதி இருக்கும். ஆனா மூணாவது தடவை படிக்கிறவளுக்கு ரெண்டாவது தடவை மேல நம்பிக்கை இல்லன்னுதானே அர்த்தம்? தன்னம்பிக்கை இல்லாதவ கையில ஊசியைக் கொடுக்கலாமா?”

ஐந்து பேரும் கொடுக்கக்கூடாது என்று தலையாட்டினார்கள்.

பலகையின் எண் குறையக்கூடாது என்பதால் குழு அன்றே ஒரு புதிய பிரிவை உண்டாக்கியது. அதற்கு ‘தவறு செய்யவிருந்தவர்’ என்று பெயர். அந்தப் பிரிவில் சேருபவரின் புகைப்படம் வெளிநோயாளிகள் காத்திருக்கும் கூடத்தில் மாட்டப்படும். பத்து நாள் மறுபயிற்சி. பயிற்சி முடியும்வரை முதுகில் ‘என்னிடம் பேசாதீர்கள், எனக்குக் கவனம் குறைவு’ என்று அச்சடித்த மஞ்சள் மேலங்கி.

பயிற்சியில் அவளுக்கு ஏற்கனவே தெரிந்த ஐந்து சரிகளை முதலில் சொன்னார்கள். சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். குழு அதைப் பத்தொன்பதாக வளர்த்திருந்தது. சரியான மை, சரியான படிவம், சரியான குரல் அளவு, கட்டிலிலிருந்து சரியான தூரம், சரியான முகபாவம். ஏழாம் நாள் முகபாவத்தில் அவளுக்குப் பத்துக்கு மூன்று மார்க். பயிற்றுநர் குறிப்பு எழுதியிருந்தார்: ‘சிரிப்பு உதட்டோடு நிற்கிறது.’

எட்டாம் நாள் செய்முறை. வார்டில் காய்ச்சலோடு கிடந்த ஒரு தையல்காரருக்கு ஒரே ஒரு காய்ச்சல் மாத்திரை கொடுக்க வேண்டும். பத்தொன்பது சரிகளும் வரிசை மாறாமல் நடந்தன. தையல்காரர் தன் பெயரை மூன்று முறை சொன்னார். மூன்றாவது முறை கொஞ்சம் சந்தேகத்தோடு சொன்னார். மை சரியில்லை என்று ஒருமுறை முதலிலிருந்து தொடங்கினார்கள். இரண்டு மணி நேரம் கழித்து மாத்திரை வாய்க்குப் போனபோது காய்ச்சல் தானாகவே இறங்கி, அவர் எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்டுக்கொண்டிருந்தார். மாத்திரையின் பலன் முழுமையாகக் கிடைத்திருப்பதாகக் குழு பதிவு செய்தது.

அந்தத் தட்டு விஷயத்தையும் குழு மறக்கவில்லை. அதற்கென்று ஒரு துணைக்குழு கூடியது. தட்டைப் பிரித்தால் அலமாரியின் வரைபடம் மாறும், வரைபடம் மாறினால் தலைவர் போன வருடம் எழுதிய விதிப் புத்தகத்தின் முப்பத்திரண்டாம் பக்கம் தவறாகிவிடும் என்பதால் தட்டை அப்படியே விட முடிவானது. பதிலுக்கு ஒவ்வொரு குப்பியிலும் ‘லேபிளைக் கவனமாகப் படிக்கவும்’ என்று சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டச் சொல்லித் தலைவரே கையெழுத்திட்டு உத்தரவு போட்டார். குப்பி சிறியது, ஸ்டிக்கர் பெரியது. ஒட்டி முடித்தபோது எல்லா லேபிளும் ஸ்டிக்கருக்கு அடியில் போயிருந்தது.

அவள் அதைப் பார்த்தது காலை ஏழு மணிக்கு. தட்டில் ஒரே மாதிரி சிவப்பாக நின்ற குப்பிகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். முன்பு மூன்று தடவை படித்தால் தப்பிக்கலாம். இனி முப்பது தடவை படித்தாலும் முடியாது. அன்று முதல் சலைனுக்கு நேரே கீழே மருந்தகத்துக்கு நடந்தாள். ஸ்டிக்கர் படாத பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு மாடியேறி வந்தாள். மற்ற நர்சுகளுக்கும் அதையே சொன்னாள்.

அதுவரைகூட அவளுக்குக் கோபம் வரவில்லை. பயமும் அலுப்பும்தான் இருந்தது. கோபம் வந்தது மாமியாரால்.

மாமியார் ரத்த அழுத்த மாத்திரை வாங்க வெளிநோயாளிகள் கூடத்துக்கு வந்தார். கண்ணாடி கொண்டுவரவில்லை. சுவரில் மருமகள் படத்தைப் பார்த்தார். கீழே என்னவோ எழுதியிருந்தது. வேறு என்ன எழுதியிருக்கப் போகிறார்கள்? வீட்டுக்குப் போகும் வழியில் இஸ்திரிக் கடையில், பால் கடையில், எதிர்வீட்டில் எல்லாம் சொல்லிவிட்டார். “எம் மருமகளுக்கு என்னவோ விருது. ஆஸ்பத்திரியில பெருசா போட்டோ மாட்டியிருக்காங்க.” மறுநாள் எதிர்வீட்டுக்காரி மூட்டு வலிக்குப் போய்ப் படித்துவிட்டு வந்தாள். படித்ததை வாசலில் நின்றபடியே சொன்னாள். சத்தமாகத்தான் சொன்னாள்.

அன்று சாயங்காலம் மாமியார் சமையலறையில் அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

“ஒரு ஆளக் கொல்லப் பாத்தியாமே. நிஜமா?”

“காப்பாத்துனேன் அத்தை.”

“காப்பாத்துனவங்க போட்டோவுக்குக் கீழ இப்படியா எழுதுவாங்க?”

பதினாறு வருடம் வேலை பார்த்த இடத்தைப் பற்றி இரண்டு வார்த்தையில் என்ன சொல்வது? சோற்றுப் பானையை இறக்கிவைத்தாள். கை சுட்டது அப்புறம்தான் தெரிந்தது.

மறுநாள் மதியச் சாப்பாட்டு இடைவேளையில் குழுவின் விதிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பிழை திருத்துபவரின் கட்டிலுக்குப் போனாள். எண்பத்துநாலு பக்கம், ஆசிரியர் குழுத் தலைவர்.

“உங்க தொழில் எனக்கு வேணும்” என்றாள். “இத வரி விடாமப் படிக்கணும். யாரும் படிக்காத மாதிரி.”

“யாரும் படிக்காததப் படிச்சுத்தானேம்மா நான் பிழைச்சேன்” என்று சொல்லிக் கண்ணாடியைத் துடைத்தார். அவருக்கும் சொந்தக் கணக்கு இருந்தது. தன்னைப் பிழைக்கவைத்தவளின் படம் கீழே தொங்குவதை ஸ்கேன் எடுக்கப் போனபோது சக்கர நாற்காலியிலிருந்து பார்த்திருந்தார்.

மூன்று மதியம் படித்தார்கள். அறுபத்தொன்றாம் பக்கத்தில் அவர் விரல் நின்றது.

“கேளும்மா. ‘லேபிளை மறைத்தல் பெருந்தவறு. ஒட்டியவரைவிட ஒட்டச் சொன்னவரே பொறுப்பு. பார்த்தவர் யாராயினும் ஒவ்வொரு குப்பிக்கும் தனித்தனியே ஒன்பதாம் படிவம் நிரப்ப வேண்டும். பதில் கிடைக்கும்வரை அந்தக் குப்பிகளைப் பெட்டியில் வைத்து முத்திரையிட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தலைவர் தம் கைப்பட விளக்கம் எழுத வேண்டும்.’”

“எத்தனை குப்பி இருக்கும்?” என்று அவளே கேட்டுக்கொண்டாள். போய் எண்ணிவிட்டு வந்தாள். நானூற்றுப் பன்னிரண்டு.

பிழை திருத்துபவருக்குக் காலை உயர்த்தி வைத்துப் படுத்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். நான்கு நாளில் நானூற்றுப் பன்னிரண்டு படிவமும் எழுதினார். வலி வந்தால் கொஞ்சம் நிறுத்துவார். “விடுங்க, மீதிய நான் எழுதிக்கிறேன்” என்று அவள் சொன்னால், “உன் கையெழுத்துக்கு அழகு பத்தாது” என்பார். குற்றம் செய்தவர் என்ற கட்டத்தில் ஒவ்வொரு முறையும் தலைவரின் முழுப் பெயரும் பட்டங்களும் வந்தன. அவள் ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டாள். பெட்டிகளுக்கு முத்திரை வைத்தாள். ஒரு தள்ளுவண்டியில் படிவங்களை ஏற்றிக் குழு அலுவலகத்துக்குத் தள்ளிக்கொண்டு போனாள். எழுத்தர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார்.

ஒன்பதாம் படிவத்துக்கு ஒரு மஞ்சள் நகல் உண்டு. அது உள்ளே யாரையும் கேட்காமல் நேரே மேலிடத்துக்குப் போகும். ஒரு நகலும் இதுவரை போகாததால் அந்த ஏற்பாட்டை எல்லோரும் மறந்திருந்தார்கள். ஏற்பாடு செய்த தலைவரும்தான்.

அன்று மதியமே அவர் வார்டுக்கு வந்தார். வார்டு எந்த மாடி என்று வழியில் இரண்டு பேரிடம் கேட்டு வந்தார்.

“உடனே எல்லாத்தையும் வாபஸ் வாங்கு.”

“வாய்மொழி உத்தரவ ஏத்துக்கக் கூடாதுன்னு பதினெட்டாம் பக்கத்துல போட்டிருக்கீங்க சார். எழுதிக் கொடுங்க.”

சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவி எழுதிக் கொடுத்தார். அவள் வாங்கி, ஜன்னல் பக்கம் போய், மூன்று தடவை படித்தாள். பிழை திருத்துபவரிடமும் காட்டினாள். அவர் தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“படிக்க முடியலைங்க சார். படிக்க முடியாத உத்தரவுப்படி நடந்தா தண்டனைன்னு இருபத்தொண்ணாம் பக்கம் சொல்லுது. அப்புறம் நீங்க எழுதினது நீல மையில. கறுப்புதானே சரியான மை?”

தலைவரின் கழுத்து சிவந்தது. “உன்ன என்ன பண்றேன் பாரு!”

“குரல் அளவு சார்” என்றாள் அவள். “நோயாளிங்க படுத்திருக்காங்க.”

பக்கத்துக் கட்டில்களில் யாரோ இருமுவதுபோல் சிரித்தார்கள். பதினாறு வருடத்தில் வார்டில் அவ்வளவு ஆரோக்கியமான இருமலை அவள் கேட்டதில்லை.

அடுத்த வாரம் மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். அறுபதை நெருங்கும் பெண், அதிகம் பேசாதவர். முத்திரையிட்ட பெட்டி ஒன்றைத் திறந்து, ஒரு குப்பியை எடுத்துத் தலைவரின் உள்ளங்கையில் வைத்தார்.

“இது என்ன மருந்து, டாக்டர்?”

தலைவர் குப்பியை உருட்டினார். “லேபிளைக் கவனமாகப் படிக்கவும்னு இருக்கு மேடம்.”

“படிங்க.”

அவர் ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினார். அது நல்ல பசை. குழுவே தரம் பார்த்து வாங்கியது.

அதிகாரி எழுதிக்கொண்டார். அன்று மதியமே மருந்தக ஊழியர்கள் இரண்டு பேர் வண்டியோடு வந்து வார்டுகளிலிருந்த பொட்டாசியம் முழுவதையும் எடுத்துக்கொண்டு போய்க் கீழே பூட்டி வைத்தார்கள். பதினொரு நிமிடம் ஆனது. பலகையின் எண்ணையும் அழிக்கச் சொன்னார். சுவரிலிருந்த படத்தையும் இறக்கச் சொன்னார். பிறகு விதிப் புத்தகத்தைத் திறந்து, “இந்தப் பெருந்தவறுக்கு நீங்களே தண்டனையும் எழுதியிருக்கீங்க. புகைப்படம், மேலங்கி, பத்து நாள் பயிற்சி, வார்டுல செய்முறைத் தேர்வு. ஒரு வரியும் மாத்தத் தேவையில்ல. நல்லா எழுதியிருக்கீங்க” என்றார்.

தேர்வு நடத்துபவர் யார் என்பதும் புத்தகத்தில் இருந்தது. பேராசிரியர்கள் இதற்கெல்லாம் நேரம் ஒதுக்க முடியாது என்பதால், பயிற்சியைக் கடைசியாக முடித்த ஊழியரே அடுத்தவருக்குத் தேர்வு வைக்க வேண்டும் என்று தலைவர் எழுதியிருந்தார். பயிற்சியை முடித்த ஒரே ஆள் அவள்தான்.

தேர்வு நாளன்று காலை பத்து மணிக்கு அதிகாரி ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார். வார்டு சிஸ்டர் தூரத்தில் சுவரோடு ஒட்டி நின்றார். நடக்க முடிந்த நோயாளிகள் எல்லாம் நடந்து வந்திருந்தார்கள். மஞ்சள் மேலங்கியில் தலைவர் இளைத்துத் தெரிந்தார். பிழை திருத்துபவருக்கு லேசான காய்ச்சல். மாத்திரை விழுங்க வராது என்று முதல் நாளே சொல்லியிருந்ததால் அவருக்குத் தண்ணி மருந்து. ஐந்து மில்லியில் இருநூற்றைம்பது மில்லிகிராம் உள்ள பாட்டில். கொடுக்க வேண்டியது ஐந்நூறு மில்லிகிராம்.

அவள் பத்தொன்பது சரிகளையும் கேட்கவில்லை. மையையும் முகபாவத்தையும் விட்டுவிட்டாள். “ஒரே ஒரு கேள்விதான் சார். எத்தனை மில்லி ஊத்தணும்? ஊத்திக் கொடுங்க.”

தலைவர் பேச ஆரம்பித்தார். இந்த மருந்து குடலில் உறிஞ்சப்பட்டு, கல்லீரலில் உடைந்து, எத்தனை மணி நேரத்தில் பாதியாகக் குறைகிறது என்று சொன்னார். எல்லாம் சரி. ஒரு வார்த்தை தப்பில்லை. அதிகாரிகூடத் தலையாட்டினார்.

“எத்தனை மில்லி சார்?”

அவர் விரல்களைப் பார்த்தார். உதடு அசைந்தது. நெற்றியில் வேர்த்தது. “நூறு” என்றார்.

அவர் பாட்டிலைத் திறந்து குவளையில் சாய்த்தார். பாட்டில் முழுவதும் காலியானது. அதில் அறுபது மில்லிதான் இருந்தது. நிமிர்ந்து, “இன்னொரு பாட்டில் கொடுங்க” என்றார்.

பிழை திருத்துபவர் தலையணையிலிருந்து சற்று எழுந்தார். “ஒரு சைபர் கூடுதலா விழுந்திருக்கு சார். திருத்தட்டுமா?”

சிரிப்பு முதலில் ஜன்னல் பக்கத்துக் கட்டிலில் தொடங்கியது. பிறகு வார்டே சிரித்தது. தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருவர் சிரித்தார். தலைவரின் கையிலிருந்த குவளையை அவள் வாங்கி மேஜைமேல் வைத்தாள். வேறு பாட்டில் திறந்து பத்து மில்லி அளந்து, லேபிளைப் படித்து, நோயாளிக்குக் கொடுத்தாள். அவர் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார்.

அதிகாரி ஒன்பதாம் படிவம் ஒன்றை அவளிடம் நீட்டிவிட்டு, “நீங்களே எழுதிடுங்க” என்று சொல்லி வெளியே போனார்.

தலைவர் அவள் பக்கத்தில் வந்து நின்றார். இப்போது குரல் மிகச் சரியான அளவில் இருந்தது.

“எழுத வேணாம்மா. ரிட்டயர் ஆக இன்னும் எட்டு மாசம்தான். எம் பொண்ணு இங்கதான் டாக்டரா சேரப்போறா. கீழ என் போட்டோவுக்கு அடியில இதையும் எழுதிப் போட்டா அவ என்ன நினைப்பா?”

அவர் கண் கலங்கியிருந்தது. நடிப்பு இல்லை, நிஜமாகவே கலங்கியிருந்தது. அவள் பேனாவைப் பிடித்தபடி அவரைப் பார்த்தாள். சமையலறையில் தன் முகத்தைப் பார்க்காமல் நின்ற மாமியாரை நினைத்தாள். இவர்மேல் இரக்கம் வர வேண்டும் என்று தோன்றியது. வருமா என்று ஒரு நிமிடம் நியாயமாகவே காத்திருந்து பார்த்தாள்.

வரவில்லை.

“பேரச் சொல்லுங்க சார்” என்றாள். “பட்டத்தோட.”

எழுதி முடித்து, மஞ்சள் நகலைக் கிழித்துத் தனியே வைத்தாள். பிறகு மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். அவருக்குப் பத்தரை மணி மருந்து.